யார் யார் பார்க்கலாம்

...அப்படியென்றால் மூன்று வருடமாக வெள்ளிக்கு வெள்ளி அவள் எதைத்தான் எடுத்து வைத்தாள், ஜும்ஆவுக்குப் பாங்கு சொன்னதும் அலுவலகத்து ஆண்கள் எல்லாரும் பள்ளிக்குப் போய்விட, தனியாக உட்கார்ந்து, பிஸ்மி சொல்லி, அந்தப் பொத்தானை அமுக்கி, வந்ததைச் சிடியில் பதிந்து, சிடியின் மேல் திகதி எழுதி, இரும்பு அலுமாரிக்குள் அடுக்கிப் பூட்டினாளே, நூற்றைம்பது சிடிக்கு மேல் இருக்கும், அத்தனையிலும் என்னதான் இருந்தது... ஸுல்பிகா ‘பெண்கள்’ என்ற போல்டரை மறுபடியும் திறந்தாள். பாஸ்வேர்ட் கேட்டது. கொடுத்தாள். பிழையாகக் கொடுத்திருந்தால் திறக்கவே மாட்டாது, அந்த அளவுக்குக் கறாரான காவல், அவளே வைத்த காவல். திறந்தது. உள்ளே வெள்ளை. அடியில் ஒரு பூச்சியம். ஒன்பது மணியிலிருந்து பதினான்கு தரம் திறந்துவிட்டாள், பதினைந்தாவது தரம் திறந்தால் படங்கள் வந்துவிடுமா, வராது என்று தெரியாத அளவுக்கு அவள் படிப்பில்லாதவள் இல்லை, என்றாலும் கை போகிறது. சுவர்க் கடிகாரத்தில் பத்தேகால். பதினொரு மணிக்கு சல்மா உம்மா வருவார். நாலரை வருடமாக வரமாட்டேன் என்று நின்ற மனுசி இன்றைக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார், இன்றைக்கென்று பார்த்து.

குணம் அண்ணன் எட்டு மணிக்கே வந்துவிட்டார். பாண்டிருப்பில் கம்பியூட்டர் திருத்துகிற கடை வைத்திருப்பவர், இந்தப் பெட்டியை இரண்டாயிரத்தாறில் இங்கே பொருத்தித் தந்தவரும் அவர்தான், அலுவலகத்தின் ஐந்து கம்பியூட்டரும் ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைத்து எடுப்பதற்கான பெட்டி, காணாமல் போனவர்களைத் தேடித் தருகிற இந்தச் சங்கத்துக்கு யாரோ வெளிநாட்டார் கொடுத்தது. புது டிஸ்க் இரண்டையும் செருகினார், கடைசி வெள்ளியில் பதிந்த சிடியைப் போட்டார், ஒரு நிமிடம்தான், திரையில் போல்டர்கள் வரிசையாக வந்து நின்றன, ஆண்கள், பெண்கள், சிறுவர், விவரத்தாள்... “எல்லாம் வந்திட்டு தங்கச்சி” என்று சிரித்தார், பெண்கள் போல்டரை அவர் தொடவில்லை, தொடமாட்டார், “நீங்க பாருங்க, நான் பிளேன்ரீ ஒண்டு குடிச்சிட்டு வாறன்” என்று எழும்பி வெளியே போனார். அந்த ஒரு நிமிடம் அவளுக்கு எவ்வளவு சந்தோசம், அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னாளே, அந்த நிமிடத்தோடு நேரம் நின்றிருக்கக் கூடாதா. பிறகு திறந்தாள். பிறகு கூப்பிட்டாள். தேநீர்க் கோப்பையோடு ஓடி வந்தவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சிடியின் உள்ளே இருந்ததைப் பார்த்தார்.

“தங்கச்சி, இதில படம் இல்லயே. இது செட்டிங்ஸ் மட்டும். ஆர் ஆர் உள்ளுக்க வரலாம், அவங்கட பாஸ்வேர்ட் என்ன, என்னென்ன போல்டர் கிடக்கு, எதை ஆர் பாக்கலாம், ஆர் பாக்கக் கூடா... இவ்வளவுந்தான். போல்டருக்க கிடக்கிறது இதில வராது. அத வேறயா எடுக்கணும். நீங்க வேறயா எடுத்திருப்பீங்கதானே?”

வேறயா. வேறயா எங்கே எடுப்பது, அவள்தான் வேறாக ஒரு பிரதியும் இருக்கக் கூடாது என்று நின்றவள் ஆயிற்றே. பெட்டியோடு வந்த புத்தகத்தில் இந்தப் பொத்தான் எதையெல்லாம் காக்கும் என்று எழுதியிருந்தது, பயனர்கள், குழுக்கள், போல்டர்கள், அனுமதிகள், நாலையும் அவள் விரல் வைத்து வாசித்தாள், அனுமதிகள் என்ற சொல்லில் அவள் மனம் குளிர்ந்துவிட்டது, அதோடு புத்தகத்தை மூடிவிட்டாள். அவளுக்கு வேண்டியிருந்தது அதுதானே. அலுமாரியைத் தூக்கிக்கொண்டு போனால் உள்ளே இருக்கிற உடுப்பும் சேர்ந்துதானே போகும் என்று நினைத்தாளா, நினைக்கக்கூட இல்லை. முப்பத்தெட்டு கே.பி. ஒவ்வொரு வெள்ளியும் அந்த எண் கண்ணில் பட்டது. ஒரு படமே இரண்டு எம்.பி., அதுவும் தெரியும். எப்படித்தான் இவ்வளவு சின்னதாகச் சுருக்கித் தருகிறார்களோ என்று வியந்தாளே ஒழிய, மடச்சி, ஒரு சிடியை, ஒரே ஒரு சிடியை என்றைக்காவது போட்டுத் திறந்து பார்த்தாளா? பார்க்கவில்லை. தேவையில்லாமல் அந்த முகங்களைத் திறக்கக் கூடாது என்பது அவள் தனக்கு வைத்த சட்டம். பெரிய சட்டக்காரி.

அந்தப் படங்களை எடுத்ததே அவள்தான். சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த நாள், கடல் திரும்பிப் போன பிறகு, பள்ளிக்கூட முற்றத்தில் பாயிலும் தகரத்திலும் கிடத்திக்கொண்டே இருந்தார்கள், அன்றைக்கே அடக்க வேண்டும், யாருடைய பிள்ளை என்று தேடிக்கொண்டிருக்க நேரமில்லை, அதனால் ஒரு படம் எடுத்துவிட்டு அடக்குவோம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். கலியாண வீட்டுக்குப் படம் பிடிக்கிற மனிதர் ஆண்களை எடுத்தார், பெண்கள் பக்கம் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “இது எனக்கு ஏலா, ஒரு பொம்புளப்புள்ள எடுக்கட்டும்” என்று கெமராவை நீட்டினார், பக்கத்தில் தண்ணீர் வாளியோடு நின்றவள் இவள், இருபத்துநான்கு வயது. எந்தப் பொத்தான் என்று காட்டித் தந்தார். கடதாசித் துண்டில் இலக்கம் எழுதித் தோளுக்குப் பக்கத்தில் வைத்து, எடுத்து, அடுத்தது. நூற்றிருபத்தாறு பேர். அன்றைக்கு அழவில்லை, எல்லாரும் மெச்சினார்கள். பிறகு கெமராவைத் திருப்பிக் கொடுக்க முன்பு எல்லாவற்றையும் கம்பியூட்டரில் ஏற்றிவிட்டு, கெமராவில் ஒன்று விடாமல் அழித்தாள், பின்னொரு நாள் யாருடைய கலியாணத்திலோ அந்தக் கெமரா சிரித்த முகங்களைப் பிடிக்கப் போகிறது, அதற்குள் இவர்கள் கிடக்கக் கூடாது, முந்தானை இல்லாமல், முடி விரிந்து, பார்க்கக் கூடாதவர்கள் பார்க்கிற மாதிரி. அச்சடித்து வைக்கவும் இல்லை. மையித்தின் படத்தை வீட்டில் யார் வைப்பார்கள்? முப்பத்தொரு உம்மாமார் இங்கே வந்து, இந்தக் கதிரையில் இருந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, இதுதான் என்று விரலை வைத்தார்கள், அழுது முடிந்து எழும்பும்போது முப்பத்தொரு பேரும் ஒன்றைத்தான் கேட்டார்கள், இனி அழிச்சிரு மகள். அழித்தாள். மிச்சம் தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றைந்தும் அமானிதம். யாருடையது என்று தெரியும்வரை அவள் பொறுப்பு.

அதனால்தான் அந்தக் காவல். ‘பெண்கள்’ போல்டரைத் திறக்க இரண்டே பேருக்கு அனுமதி, இவளும் கூட வேலை செய்த சித்தி லைலாவும், சித்தி லைலா கட்டாருக்குப் போனபின் இவள் மட்டும். சங்கத் தலைவருக்கே அனுமதி இல்லை, அவர் அதைக் கூட்டத்தில் பெருமையாகச் சொன்னார். தேடி வருகிற குடும்பத்தில் பெண்கள் மட்டும் உள்ளே, ஆண்கள் வெளியே. ஒருவன் தன் சொந்தத் தங்கையைப் பார்க்கலாம், யார் வேண்டாம் என்றது, ஆனால் தங்கையைக் கண்டுபிடிக்க மற்றத் தொண்ணூற்றுநாலு பேரையும் அவன் பார்க்க வேண்டுமே. சல்மா உம்மாவின் மகன் அஷ்ரப் எத்தனை தரம் வந்து வாசலில் நின்றான், “ராத்தா, உம்மா வரமாட்டாவாம், நான் பாக்கிறன், ஒருக்காப் பாத்திட்டுப் போறன்” என்று கெஞ்சினான், ஏலாது தம்பி என்று அவள் சொன்னாள், ஒரு தரமல்ல, ஆறேழு தரம், நல்ல காரியம் செய்கிற முகத்தோடு. அவனை விட்டிருந்தால்? இரண்டாயிரத்தைந்திலேயே விட்டிருந்தால்? சல்மா உம்மாவின் மகள் பாஹிமா, பத்தொன்பது வயதுப் பிள்ளை, அந்தத் தொண்ணூற்றைந்தில் இருந்தாளா இல்லையா என்பது அன்றைக்கே முடிந்திருக்கும். ஊருக்குள் யாரையாவது கேட்டிருக்கலாம், ஒரு பெரிய ஆலிமிடம் கேட்டிருக்கலாம், அவள் யாரிடமும் கேட்கவில்லை, கேட்டால் அவர்கள் விட்டுக்கொடுத்துவிடுவார்களோ என்று பயந்தாள். அதுதான் உண்மை.

போன மாதம் கரண்ட் போய்ப் போய் வந்த ஒரு பகலில் பெட்டிக்குள் டிக் டிக் என்று கேட்டது, இரண்டு டிஸ்க்கும் ஒன்றாகப் படுத்துவிட்டன. அவள் பதறவில்லை. அலுமாரி நிறைய பேக்கப் இருக்கிறதே. குணம் அண்ணன்தான் சொன்னார், கொழும்பில ஒரு இடம் இருக்கு, டிஸ்கத் திறந்து உள்ள கிடக்கிறத எடுத்துத் தருவாங்க, அனுப்பிப் பாப்பமா என்று. அங்க ஆர் திறந்து பாப்பாங்க என்று கேட்டாள். “வேலை செய்யிற பொடியன்மார்தான் பாப்பாங்க, வேற ஆர்” என்றார். அதோடு அவள் முடிவெடுத்துவிட்டாள். கொழும்பில் எவனோ ஒருவன், சிகரட்டை வாயில் வைத்துக்கொண்டு, இந்தப் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் திறந்து... அல்லாஹ் காப்பாற்ற வேண்டும். “பேக்கப் இருக்குத்தானே தங்கச்சி, உறுதிதானே?” என்று அந்த மனிதர் இரண்டு தரம் கேட்டார். அலுமாரியைத் திறந்து காட்டினாள். பெண்களின் படம் என்று அவர் ஒரு சிடியைக்கூடக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை, மரியாதை. ஒன்பது நாளைக்கு முன்னர், பின்முற்றத்துச் சீமெந்துக் கட்டின் மேல், டிஸ்க் இரண்டையும் வைத்து, சுத்தியலால், அவளே. உள்ளே தட்டுகள் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி மின்னின, அதையும் வளைத்து, நெளித்து, இனி எவனும் பார்க்க முடியாது என்று ஆன பிறகுதான் நிறுத்தினாள். வியர்த்து வழிந்தது. மனம் லேசாக இருந்தது, ஒரு ஜனாஸாவை ஒழுங்காக அடக்கிவிட்டு வந்தது போல. ஒழுங்காகத்தான் அடக்கினாள். இனி யார் தோண்டினாலும் எடுக்க முடியாது.

குணம் அண்ணன் போகவில்லை, வாசற்படியில் இருக்கிறார். முகத்தில் ஒரு கிழமைத் தாடி. யுத்தம் முடிந்து பதினைந்து நாள், சந்தியில் கட்டிய கொடி வெயிலில் வெளிறிக் கிடக்கிறது, அன்றைக்குப் பட்டாசு வெடித்தபோது பாண்டிருப்பில் வீடுகள் பூட்டிக் கிடந்தனவாம். அவருடைய அக்கா குடும்பம் வன்னியில், ஐந்து பேர், ஏப்ரலுக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. சட்டைப் பையில் ஐந்து பேரின் பெயரும் வயதும் எழுதிய கடதாசி வைத்திருக்கிறார், முகாம் பக்கம் போகிற யாரைக் கண்டாலும் எடுத்து நீட்டுகிறார். அவரைப் பிழை சொல்ல முடியுமா, முடியாது, இந்தக் கவலைக்குள்ளும் வந்து இந்தப் பெட்டியைத் திருத்தினாரே. சற்று முன்பு, இவள் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு கிடந்தபோது, அவர் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“எங்கட அக்காவ ஆராவது ஒரு படம் எடுத்து வெச்சிருந்தா, நான் போய்ப் பாப்பன் தங்கச்சி. உடுப்பு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. ஊர் முழுக்கப் பாத்திருந்தாலும் பறவாயில்ல. எனக்குத் தெரிஞ்சாக் காணும்.”

குத்திக் காட்டிச் சொல்லவில்லை, தன் துக்கத்தைத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் அவளைப் போட்டு அறுக்கிறது. மானத்தைக் காத்தேன் என்கிறாளே, யாருடைய மானம்? அந்தப் பிள்ளைகள் கேட்டார்களா? தொண்ணூற்றைந்து பேரில் ஒருத்தியிடம் கேட்டிருந்தால், உம்மாவுக்குத் தெரியட்டும் ராத்தா, யார் பார்த்தாலும் பறவாயில்லை என்று சொல்லியிருப்பாளோ... வெளியே ஓட்டோ ஒன்று வந்து நின்றது. இன்னும் பதினொன்று ஆகவில்லையே. பெட்டி பழுதென்று சொல்லலாமா, அடுத்த கிழமை வாங்க உம்மா என்று? அதைப் போன கிழமையே சொல்லியாயிற்று. அஷ்ரப் செட்டிகுளம் முகாமுக்குப் போக வேன் பேசி வைத்திருக்கிறான். கடல் கொண்டுபோன பிள்ளைகளை யார் யாரோ எடுத்து வளர்த்தார்களாம், வன்னியில் கண்டவர்கள் இருக்கிறார்களாம் என்று கதை கிளம்பிவிட்டது, சல்மா உம்மா அதைப் பிடித்துக்கொண்டார், என்ட புள்ள மௌத்தாகல்ல என்று நாலரை வருடமாகச் சொல்லி வந்ததற்கு இப்போதுதான் ஒரு ஊர்ப்பெயர் கிடைத்திருக்கிறது. முதலில் படத்தைப் பாருங்க உம்மா, அதில் இல்லாவிட்டால் நான் எந்த முகாமுக்கும் கூட்டிப் போகிறேன், இருந்தால் ஓதி, தொழுது, விட்டுவிடுவோம் என்று மகன் சொல்ல, சரியென்று அவர் ஒத்துக்கொண்டது போன கிழமைதான். வேன் நாளைக் காலை.

சல்மா உம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அஷ்ரப் ஓட்டோவுக்குள்ளேயே இருந்தான், அவனுக்குத்தான் இந்த அலுவலகத்துச் சட்டம் தெரியுமே. குணம் அண்ணன் எழும்பி முற்றத்துக்குப் போனார். உம்மாவின் தலையில் வெள்ளை முந்தானை, துவைத்து மடித்த மடிப்புக் கலையாமல். “தொழப் போற மாதிரி ஒளுவோட வந்திரிக்கன் மகள். காட்டு” என்று கதிரையை இழுத்துப் போட்டுத் திரைக்கு நேரே உட்கார்ந்தார், கைகளை மடியில் கோர்த்துக்கொண்டார், பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி. ஸுல்பிகாவின் வாயிலிருந்து எப்படி வந்தது, முழுவதும் வந்தது, டிஸ்க், சிடி, சுத்தியல், நான்தான் உம்மா, நானேதான் உடைச்சன், ஒரு படமும் இல்ல, தொண்ணூத்தஞ்சும் இல்ல, எண்ட அல்லாஹ், என்னை மன்னிச்சிருங்க. சல்மா உம்மா வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பூட்டுத் திறபடல்லயா?” என்று கேட்டார். திறபட்டது உம்மா, உள்ளுக்க ஒண்டுமில்ல. திட்டுவார் என்று இவள் காத்திருந்தாள், திட்டினால் நன்றாக இருக்கும், கன்னத்தில் அறைந்தாலும் நன்றாக இருக்கும்.

“படம் போனாப் போகுது. புடிச்சது நீதானே மகள். கண்ணால பாத்தாய்தானே. என்ட புள்ளக்கிக் கழுத்தில ஒரு தழும்பு இரிக்கி, வடை பொரிக்கக்குள்ள எண்ணெ தெறிச்சது, ஒரு ரூவாக் குத்திக் காசு அளவு. அப்பிடி ஒரு புள்ள இருந்தாளா? சொல்லு. ஓம் எண்டாலும் சரி, இல்ல எண்டாலும் சரி, நீ சொல்றத நான் எடுத்துக்கிறன்.”

ஸுல்பிகா கண்ணை மூடினாள். முற்றம் வந்தது, தகரம் வந்தது, கடதாசித் துண்டு வந்தது, தன் கையெழுத்தில் நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, ஏழுக்குக் குறுக்கே போட்ட கோடு, எல்லாம் வருகிறது, ஆனால் முகம்... முகத்தை அவள் எங்கே பார்த்தாள், இலக்கம் படத்துக்குள் விழுந்திருக்கிறதா என்றல்லவா பார்த்தாள். பிறகு வந்தவர்களுக்குக் காட்டிய நாட்களிலும் திரையைத் திருப்பி வைத்துவிட்டுத் தன் பார்வையைத் தாழ்த்திக்கொள்வாள், அது அவள் ஒழுக்கம். இருந்தும் ஒரு தழும்பு வருகிறது, இதோ, கழுத்தோரம், வட்டமாக, நாற்பத்தொன்றில்... நாற்பத்திரண்டிலும். தொண்ணூறிலும். சல்மா உம்மா சொல்லி முடித்த அந்தக் கணத்திலிருந்து எல்லாப் பிள்ளைகளின் கழுத்திலும் அந்தத் தழும்பு ஏறிவிட்டது. தழும்பைச் சொல்ல முன்பு அவர் கேட்டிருந்தால்? ஒரு அடையாளமும் சொல்லாமல், நீ கண்டதைச் சொல் என்று மட்டும் கேட்டிருந்தால்? இப்போது ஓம் என்றாலும் பொய், இல்லை என்றாலும் பொய். ஓம் என்றால் நாளை வேன் போகாது, ஒருவேளை அந்தப் பிள்ளை செட்டிகுளத்தில் கம்பிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தால்... இல்லை என்றால் இந்த மனுசி சாகும்வரை முகாம் முகாமாக அலைவார். இரண்டில் எது பாவம் குறைந்தது, யா அல்லாஹ், இதற்கு யாரிடம் அனுமதி கேட்பது. ஒரு வழி இருந்தது, அற்ப வழி, உம்மா சொல்லாத ஒன்றைக் கேட்டால், அது தன் கண்ணில் நிற்பதோடு பொருந்தினால்...

“எந்தப் பக்கம் உம்மா? இடப் பக்கமா, வலப் பக்கமா?”

“இந்தா, இங்...” என்று சல்மா உம்மாவின் கை தன் கழுத்துக்குப் போனது, இடப் பக்கம். நின்றது. “இல்ல, எனக்கு நேர நிக்கக்குள்ள இந்தப் பக்கம், அப்ப அவளுக்கு...” கை வலப் பக்கம் போனது. மறுபடி நின்றது. “இரு மகள், இரு, தலை பின்னி விடக்குள்ள தெரியும் எனக்கு, ஒவ்வொரு நாளும் நான்தானே பின்னி விடுற... திரும்பு, ஒருக்காத் திரும்பு.” கதிரையிலிருந்து எழும்பி ஸுல்பிகாவின் தோளைப் பிடித்துத் திருப்பினார். அவளுடைய பர்தாவைக் கழுத்துக்கு மேலே ஒதுக்கினார். பின்னால் இரண்டு கைகள் முடியை மூன்றாகப் பிரிப்பது போல அசைவது சுவர் நிழலில் தெரிந்தது, மெல்ல, பிறகு அவசரமாக, பிறகு மறுபடி முதலிலிருந்து. இங்கயோ, இங்கதானே, என்ட அல்லாஹ், இங்கதானே இருந்தது என்று மூச்சுக்குள் ஒரு முணுமுணுப்பு. அழித்தது சுத்தியல் மட்டும் இல்லை, ஒவ்வொரு நாளும் பின்னிய கைகூட மறந்துவிடும் என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை. ஸுல்பிகா முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள், மூச்சையும் அடக்கிக்கொண்டு, அந்த விரல் எந்தப் பக்கம் படப்போகிறது என்று. விரல் படவில்லை.